தோடம்பழத்தோலும் மனிதமுகமும்

சென்ற தைப்பொங்கல் விடுமுறைக்கு என் தங்கையின் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். மருத்துவம் கற்றுத் தேறி, விபத்தாலோ புற்றுநோயாலோ முகத்திற் தோலிழந்தோர்க்கு மீண்டும் தோலமைத்துக் கொடுக்கும் சத்திரசிகிச்சைத் துறையிலே இப்போது பயிற்சி பெற்றுவருபவன் அவன். பொங்கலன்று பிற்பகல், திண்ணையிலிருந்து மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த நான் தண்ணீர் குடிப்பதற்கு உள்ளே சென்றபோது, அவன் மேசைமுன் குனிந்திருந்து ஒரு தோடம்பழத்தைத் தைத்துக்கொண்டிருந்தான்.

‘தைத்துக்கொண்டிருந்தான்’ என்பது அச்சுப்பிழையன்று. பழத்தின் தோலில் நாணய அளவிலே ஒரு வட்டத்தை வெட்டியெடுத்திருந்தான். அவ்வட்டத்தின் அருகே நாக்குப்போன்ற ஒரு துண்டை, ஒருபுறம் ஒட்டியிருக்கும்படி விட்டு ஏனைய புறங்களைக் கீறி எழுப்பி, அதனைத் திருப்பிக் கொணர்ந்து துளையை மூடி, மயிரினும் மெல்லிய நூலினாலே தையலிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்த கூடையில் அவ்வாறே காயம்பட்டுக் கட்டுண்ட பழங்கள் எட்டுப் பத்துக் கிடந்தன.

“பாருங்கோ அண்ணை, பொங்கலுக்கு வாங்கின பழமெல்லாத்தையும் இவன் ஆசுபத்திரியாக்கிப் போட்டான்” என்றாள் தங்கை.

வளர்ந்த பிள்ளை, அதுவும் வைத்தியன், பழத்தோடு விளையாடுகிறானே என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். அவனோ தலைநிமிராமலே, “மாமா, சுசுருதர் இந்தப் பயிற்சியைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார் எண்டு எங்கடை பேராசிரியர் சொன்னவர். உங்களிட்டை அந்தப் புத்தகம் இருக்குதல்லோ? ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ” என்றான்.

இருந்தது. இருபது ஆண்டுகளாக என் அலுமாரியில் இருந்தது. சொல்லாராய்ச்சிக்காகச் சில பக்கங்களை நான் புரட்டியதுண்டேயன்றி, பொருளுக்காக ஓர் அத்தியாயத்தையேனும் ஒழுங்காகப் படித்தவனல்லன். தூசி தட்டி எடுத்து, சூத்திரத்தானத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறந்தேன்.

சுசுருத சங்கிதையின் காலத்தைப் பற்றி அறிஞர்கள் ஒத்த கருத்துடையவரல்லர். அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம். அந்த அத்தியாயம் சொல்வது இது: மாணவன் நூல் முழுவதையும் கற்றபின்னரும் அவனுக்கு ‘யோக்கியை’ செய்விக்க வேண்டும். யோக்கியை என்றால் கைப்பயிற்சி. வெட்டுதலைச் சுரைக்காய், வத்தகப்பழம், வெள்ளரிக்காய் முதலியவற்றிலும், பிளத்தலை நீரும் சேறும் நிரப்பிய தோற்பைகளிலும், சுரண்டுதலை மயிர் நீங்காத தோலிலும், நாளங்களைத் துளைத்தலை இறந்த விலங்கின் குருதிக்குழாய்களிலும் ஆம்பல்தண்டிலும், புரையின் ஆழத்தைச் சலாகையால் அறிதலைப் புழு அரித்த மரத்திலும் மூங்கிலிலும் உலர்ந்த சுரைக்குடுக்கையின் வாயிலும், பறித்தலைப் பலாச்சுளையிலும் கொவ்வைக்கனியிலும் வில்வக்காயிலும் செத்த விலங்கின் பல்லிலும், தைத்தலை மெல்லிய துணி, தடித்த துணி, மென்றோல் ஆகியவற்றின் விளிம்புகளிலும் பழகவேண்டும் என்கிறார். காயத்துக்குக் கட்டுக்கட்டப் பழகுவதற்கு மனிதவடிவிற் செய்த பாவை ஒன்றும் உண்டு. அறுந்த காதுமடலைப் பொருத்திக் கட்டுவதற்கோ மென்றோல், தசைத்துண்டு, ஆம்பல்தண்டு என்ற மூன்றையும் வகுத்திருக்கிறார்.

என் மருமகன் ஊசியை வைத்துவிட்டு எழுந்து வந்தான். “காதுக்கும் தனியாகச் சொல்லியிருக்கிறாரோ?” என்று கேட்டு, அந்த வரியின்மீது விரலை வைத்தான். அவனுக்கு அந்த எழுத்துத் தெரியாது. இருந்தும் சிறிதுநேரம் விரலை எடுக்கவில்லை.

யோக்கியை என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இது பண்டிதனுக்குரிய பலவீனம், வாசகர்கள் பொறுத்தருள்க. ‘யோக்கியன்’ என்று நாம் இன்று வழங்குவது நாணயமானவனை. வடமொழியில் அச்சொல் தகுதியுடையவன் என்னும் பொருளது. சுசுருதர் இவ்விரு சொற்களையும் ஓரிடத்திலே கோத்துவிடுகிறார்: எத்துணை நூல் கேட்டவனாயினும் யோக்கியை செய்யாதவன் தொழிலில் அயோக்கியன். திட்டுவதற்காகச் சொன்னதன்று, தகுதியற்றவன் என்பதே கருத்து. ஆயினும் நம் காதில் அது விழும்போது சற்றே சுடுகிறது. முப்பது ஆண்டுகளாகப் பிராசீன பாடசாலையில் நூல் கேட்பித்தே வயிறு வளர்த்த எனக்குச் சுட்டது.

அவ்வேளையில் என் இடக்கண்ணிலிருந்து நீர் வழிந்தது. உணர்ச்சியாலன்று. அந்தக் கண் எப்போதும் அப்படித்தான்.

பத்து வயதில், அண்ணனின் துவிச்சக்கர வண்டியை அவருக்குத் தெரியாமல் எடுத்து ஓடி, ஒழுங்கை முடக்கில் முட்கம்பி வேலியின்மேல் விழுந்தேன். இடக்கண்ணின் கீழே, கன்னத்தில் ஐந்துசத அளவிலே தோல் கிழிந்து போய்விட்டது. ஒரு வைத்தியசாலைக்குத் தூக்கிச் சென்றார்கள். அன்றிரவு கடமையிலிருந்தவர் மிக இளையவர். அவருடைய கை நடுங்கியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. தோல் போன இடத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் இழுத்துச் சேர்த்துத் தைத்துவிட்டார். காயம் ஆறிற்று. ஆறிய தழும்பு நாளடைவிற் சுருங்கிச் சுருங்கிக் கீழிமையைக் கன்னத்தை நோக்கி இழுத்தது. இமை கண்ணைவிட்டு விலகியதால், கண்ணீர் போகவேண்டிய சிறுவாயிலை அடையாமல் கன்னத்தில் வழியத் தொடங்கிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வழிகிறது.

இதனால் எனக்குக் கிடைத்த பெருமையும் ஒன்றுண்டு. சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையை நான் நடத்தும்போது மாணவர்கள், ஐயா கண்ணகிக்காக அழுகிறார் என்று கருதித் தாமும் கண்கலங்குவர். பரிசோதனைக்கு வந்த கல்வியதிகாரி ஒருவர், பாடத்தில் ஆசிரியர் தம்மை மறந்து ஈடுபடுகிறார் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டும் போனார். இலக்கண வகுப்பிலும் அதே கண்ணீர் வழிவதை அவர் கண்டிலர். பையன்கள் தமக்குள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘ஈரக்கண் வாத்தியார்’. அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த இளைய வைத்தியர்மீது எனக்கு நெடுங்காலம் கோபமிருந்தது. அவர் கெட்டவர் என்று நினைத்தேனல்லேன்; கவனமில்லாதவர் என்று நினைத்தேன். அன்று பொங்கலன்றுதான், கூடையிலிருந்த பழங்களைப் பார்த்தபின், ஒரு வினா எழுந்தது: அவர் என் கன்னத்துக்கு முன் வேறெதைத் தைத்திருந்தார்?

நிற்க. தோடம்பழத்தில் அவன் செய்த அந்த நாக்குப்போன்ற துண்டுக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டேன். அவர்கள் ஆங்கிலப் பெயராலேயே வழங்குகிறார்களாம். மானிப்பாயிலே மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, 1867ஆம் ஆண்டில் ‘இரண வைத்தியம்’ என்று சத்திரசிகிச்சை நூலொன்றைத் தமிழிலே தந்த சாமுவேல் கிறீன் வைத்தியரின் மண்ணிலே, இதற்கொரு சொல் இல்லாமற் போவதா? ‘மடல்’ என்று சொல் என்றேன். தாழைமடல், பனைமடல் என்பன ஒருபுறம் தாய்மரத்தைப் பற்றிக்கொண்டு மறுபுறம் விரிந்து நிற்பவை. காதுமடல், கண்மடல் என்று முகத்திலேயே அச்சொல் வழங்குகிறது. ஒருபுறம் ஒட்டியிருத்தலே இதன் உயிர்நிலை. அந்த அடியின் வழியாகவே குருதி சென்று, இடம்மாறிய தோலை வாழவைக்கிறது. அடி அறுந்தால் மடல் சருகு.

அவனுக்குச் சொல் பிடித்துக்கொண்டது. அன்று மாலை முழுவதும் மடல் மடல் என்றே பேசினான்.

அவன் சொன்னவற்றையும் பின்னர் நான் தேடிப் படித்தவற்றையும் சேர்த்துச் சொல்லுகிறேன். இழந்த மூக்கை அமைக்கும் முறையைச் சுசுருதர் பதினாறாம் அத்தியாயத்தில் சொல்லுகிறார். முதலில் ஒரு மரத்தின் இலையை எடுத்து, இழந்த மூக்கின் அளவாக நறுக்கிக்கொள்ள வேண்டும். அவ்விலையின் அளவுக்குக் கன்னத்திலே மடலெடுத்து, மூக்கின் அடியைச் சுரண்டிப் புண்ணாக்கி, அதன்மேற் பொருத்தித் தைத்து, மூச்சுவிட இரண்டு குழல்களைச் செருக வேண்டும். கத்தி தோலைத் தொடுமுன் இலையொன்று முகத்தைத் தொடுகிறது. முகத்துக்கு மாதிரி செய்துபார்த்த வரலாறு அந்த இலையிலிருந்தே தொடங்குகிறது எனலாம்.

இலைக்குப் பதிலாக மெழுகு வந்த கதை 1794ஆம் ஆண்டில் இலண்டனிலே அச்சாயிற்று. காவாஸ்ஜி என்ற மராட்டியர் ஆங்கிலேயர் படையில் எருத்துவண்டி ஓட்டியவர். 1792ஆம் ஆண்டுப் போரிலே திப்பு சுல்தானின் படையினரிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டு மூக்கின்றி வாழ்ந்தபின், பூனாவுக்கருகே செங்கல் சுடும் குலத்தவர் ஒருவர் அவருக்கு மூக்கமைத்துக் கொடுத்தார். மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் அடிமேல் வைத்து, அழகிய மூக்கின் வடிவாக வளைத்தார். பின்பு அதைத் தட்டையாக்கி நெற்றிமேல் வைத்து ஓரத்தைச் சுற்றிக் கோடிட்டார். கோட்டின் வழியே கீறிக் கண்களுக்கிடையிலே சிறு காம்பு மட்டும் ஒட்டியிருக்க விட்டு, தோலைக் கீழே திருப்பிப் பொருத்தினார். ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாளே காம்பு அறுக்கப்பட்டது. இதனை ஆங்கில வைத்தியர் இருவர் நேரிற் கண்டிருந்தனர்.

அந்தச் செங்கற்காரருக்கு எழுத்துத் தெரிந்திருக்குமோ என்னவோ. சேற்றையும் மெழுகையும் விரலால் அறிந்த கை அது. இலண்டனில் அச்செய்தி காதிற்பட்ட யோசேப்பு கார்ப்யூ என்னும் வைத்தியரோ அக்கட்டுரையை நம்பி உடனே கத்தி எடுத்தாரல்லர். பிணங்களின் முகத்திலே அம்முறையைச் செய்து பழகி, 1814ஆம் ஆண்டு ஒற்றோபர் 23ஆந் தேதி, கட்டுரை வெளிவந்து இருபது ஆண்டுகள் கழிந்தபின்னரே, உயிருள்ள மனிதர் ஒருவருக்குச் செய்தார். மயக்கமருந்து இல்லாத காலம். முழு நினைவோடு ஒருவன் படுத்திருக்க அவன் நெற்றித்தோலை உரிப்பதாயின், கை முன்னமே அறிந்திருக்க வேண்டும். அவர் 1816இல் எழுதி வெளியிட்ட நூலே ஐரோப்பாவில் இம்முறையைப் பரப்பிற்று.

முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த படைவீரர்க்காக 1917ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சிட்கப் என்னும் ஊரில் தனி வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கு பணிபுரிந்த ஹரல்ட் கில்லிஸ் முகங்களைச் சாந்துக்கட்டிலே வார்ப்பெடுத்து வைத்து ஆராய்ந்தார். திட்டம் வகுத்தபின் அதற்கொரு வார்ப்படிவத்தை வெட்டிப் பார்க்கவேண்டும் என்பது பிற்காலத்தில் அவர் தம் மாணாக்கர்க்கு வகுத்த நெறிகளுள் ஒன்று. இலை, மெழுகு, தகடு. பொருள் மாறுகிறது, செயல் ஒன்றே.

என் மனத்தைக் கவர்ந்தவர் இவர்களினும் லெனின்கிராட் நகரத்து அலெக்சாந்தர் லிம்பெர்க் என்பவர். அவர் தோற்சத்திரசிகிச்சையைக் கேத்திரகணிதமாகக் கண்டவர். காகிதத்தை வெட்டி மடக்கி மாதிரி செய்து காட்டியே மடல்களை விளக்கியவர். அவர் பெயராலே வழங்கும் மடல் ஒன்றை மருமகன் எனக்குக் காகிதத்திற் காட்டினான். துளையை வட்டமாக விடாமல் சாய்சதுரமாக்க வேண்டும். கோணங்கள் 60 பாகையும் 120 பாகையும். அப்போது குறுகிய மூலைவிட்டம் பக்கத்தின் நீளத்துக்குச் சமமாகும். அந்த மூலைவிட்டத்தை வெளியே அதே நீளத்துக்கு நீட்டி, அதன் முனையிலிருந்து சாய்சதுரத்தின் பக்கத்துக்கு இணையாக இன்னொரு கோடு, அதுவும் அதே நீளம். இவ்விரு கோடுகளையும் கீறினால் எழும் மடல் துளைக்குள் அச்சாகப் பொருந்தும். மடல் எடுத்த இடம் நேர்கோடாக மூடிக்கொள்ளும்.

கணித ஆசிரியர்கள் இதனை வகுப்பிலே காட்டலாம். நான் கத்தரிக்கோலை வாங்கிச் செய்துபார்த்தேன். காகிதம் எளிதில் இணங்கிற்று. “இப்ப இதிலை செய்யுங்கோ” என்று மருமகன் ஓர் இறப்பர்நுரைத் தட்டையும் சிறுகத்தியையும் முள்ளிடுக்கியையும் தந்தான். வெட்டினேன். மடலை எழுப்பி, நுனியை இடுக்கியாற் பிடித்து இழுத்தேன். அவன் என் கையைத் தடுத்தான்.

“மாமா, அந்த நுனி செத்துப்போச்சு.”

இடுக்கி நசுக்கிய நுனிக்குக் குருதி செல்லாதாம். மனிதத்தோலாயின் மூன்று நாளிற் கறுத்துவிடுமாம். விளிம்பை ஊசியினாலோ சிறு கொக்கியினாலோ தாங்க வேண்டுமேயன்றி நுள்ளலாகாது. இரண்டாம்முறை நுள்ளவில்லை, ஆனால் மடலை மிக மெல்லிதாக்கிக் கிழித்துவிட்டேன். மூன்றாம்முறை கோணம் பிழைத்தது. அரைமணி நேரத்தில் நான் கொன்ற மடல்கள் ஐந்து. அத்தனையும் முகங்களாக இருந்திருந்தால்! அந்தத் தட்டு அறுபது எழுபது ரூபா பெறுமோ என்னவோ; அதைத் தூக்கி எறிந்துவிட்டு நான் கைகழுவச் சென்றேன்.

மாதிரிகளின் குறைகளையும் அவன் மறைக்கவில்லை. தோடம்பழத்தோல் நீளாது, நூலை இறுக்கினால் கிழியும், அதனால் மென்கையைக் கற்பிக்கும், அவ்வளவே. கோழித்தோல் மெல்லிது; வழுக்கும். மனிதத்தோலுக்கு நெருங்கியது பன்றித்தோல். பன்றியின் காலிலும் தலையிலும் பழகுவது மேனாட்டிலும் வழக்கம். ஆயினும் அது அடித்தசையோடு இறுகப் பற்றியிருப்பதால், மனிதக்கன்னம் போல எளிதில் நகர்ந்துகொடுக்காது. (எங்கள் வீடு சைவ வீடு. பன்றிக்கால் ஒன்றைக் கொண்டுவந்து குளிர்ப்பெட்டியில் வைக்கலாமோ என்று அவன் ஒருமுறை கேட்டானாம். தங்கை அதற்குச் சொன்ன மறுமொழியை இங்கு எழுதுவது உசிதமன்று.) பிணத்தில் வடிவமெல்லாம் சரியாயிருக்கும், குருதி ஓடாது. குருதி ஓடாத மாதிரியிலே பழகியவனுக்கு, முதன்முறை குருதி கண்ணை மறைக்கும்போது கற்றது மறந்துபோகும். முகத்தோலை உறுப்பைமட்டும் விறைக்கச்செய்து வெட்டும்போது நோயாளி விழித்திருப்பார், பேசுவார், “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்பார். எந்தப் பழமும் அப்படிக் கேட்டதில்லை.

அப்படியாயின் இதனாற் பயனென்ன என்று நான் வாதாடினேன். அதற்கு ரொறன்ரோ நகரத்தவர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சோதனையை எடுத்துச் சொன்னான். சத்திரசிகிச்சையில் முதலாண்டுப் பயிற்சி வைத்தியர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவைப் பிணத்திலும் ஒரு பிரிவை மேசைமேல் வைக்கும் எளிய மாதிரிகளிலும் பழக்கினார்கள். மூன்றாம் பிரிவுக்கு நூலைமட்டும் படிக்கக் கொடுத்தார்கள். பின்பு எல்லோரையும் பிணத்திலே செய்வித்து, யார் செய்தது எதுவென்று அறியாத பழுத்த வைத்தியர்களைக்கொண்டு மதிப்பிட்டார்கள். எளிய மாதிரியிற் பழகியவர்கள் பிணத்திற் பழகியவர்களுக்குச் சளைக்கவில்லை. நூலைமட்டும் படித்தவர்கள் பின்தங்கினார்கள்.

சுசுருதர் சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். சொல்லும்போதே, நூலைமட்டும் படித்த மூன்றாம் பிரிவில் நான் அமர்ந்திருப்பது தெரிந்தது.

இரவு உணவுக்குப்பின் அவன் தன் பையிலிருந்து துணியிற் சுற்றிய ஒரு பொருளை எடுத்தான். சிலிக்கோனினாற் செய்த அரைமுகம். நெற்றியும் இடக்கண்ணும் கன்னமும் மூக்கின் ஒருபக்கமும் மட்டும். உள்ளே கடினமான எலும்புவடிவம், அதன்மேற் கொழுப்புப்போன்ற மென்படலம், அதன்மேற் தோல். விலை அதிகமாதலால் பேராசிரியரிடம் இரவலாக வாங்கி வந்தானாம். தோலைமட்டும் மாற்றிமாற்றிப் போடலாமாம். இப்போது நோயாளியின் தலையைக் கதிர்ப்படமெடுத்து, அந்த அளவிலேயே முப்பரிமாண அச்சுப்பொறியில் முகம் வார்த்துப் பழகுகின்ற இடங்களும் உள்ளன என்றான்.

விளக்கின் கீழே அந்த முகத்தை வைத்து, என் கன்னத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு, ஒன்றுஞ் சொல்லாமல், அதன் இடக்கண்ணின் கீழே ஐந்துசத அளவில் ஒரு துண்டை வெட்டியெடுத்தான். மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் சேர்த்து நான்கு தையலிட்டான். கடைசித் தையலை இறுக்கியபோது, அந்தச் சிலிக்கோன் முகத்தின் கீழிமை மெல்ல இறங்கிக் கண்ணைவிட்டு விலகிற்று.

என் முகம். நாற்பது ஆண்டுகளாகக் கண்ணாடியிற் காணும் முகம். மேசைமேல் அதைப் பார்த்தபோது, கத்திக்கோ விதிக்கோ அதிற் பங்கில்லை, எந்தத் திசையில் இழுப்பது என்ற ஒரே ஒரு முடிவுதான் என்பது விளங்கிற்று.

அவன் நான்கு தையலையும் அறுத்தான். இமை தன் இடத்துக்கு மீண்டது. துளையைச் சாய்சதுரமாக்கினான். “ஒரு சாய்சதுரத்துக்கு நாலு மடல் கீறலாம் மாமா. நாலும் ஓட்டையை மூடும். ஆனால் மடல் எடுத்த இடத்தைத் தைக்கும்போதுதான் பெரிய இழுவை வரும். அந்த இழுவை கண்ணுக்குக் குறுக்கே, பக்கவாட்டிலை போகவேணும். கண்ணைக் கீழே இழுக்கக்கூடாது. அதைப் பார்த்துத்தான் நாலிலை ஒண்டைத் தெரியவேணும்.” தோலுக்கு இயல்பாகவே இழுவைத் திசைகள் உள்ளன என்பதை வியன்னாவிலே லாங்கர் என்பவர் 1861ஆம் ஆண்டளவில், பிணங்களில் உருண்டை ஊசியாற் குத்திப் பார்த்துக் கண்டாராம், குத்திய துளைகள் வட்டமாக நில்லாமல் நீண்டு பிளவாயின. இதைச் சொல்லிக்கொண்டே அவன் மடலைத் திருப்பித் தைத்து முடித்தான். இமை அசையவில்லை.

ஒரே முகத்துக்கு இரண்டு முறை. எனக்கு ஒருமுறைதான் கிடைத்தது. அந்த இளைய வைத்தியருக்கும் ஒருமுறைதான் கிடைத்தது. ‘ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்பி’ என்று மருத்துவ உலகில் நெடுங்காலம் வழங்கிய முறை அது. அந்த ‘ஒன்றைச் செய்’ என்பதிலுள்ள ஒன்று, பெரும்பாலும் நள்ளிரவில் வரும் ஓர் ஏழையின் பிள்ளை. அவர் எங்கே இருக்கிறாரோ. இருந்தால் எழுபதை நெருங்கியிருப்பார். அவர்மேல் எனக்கிருந்த கோபம் அன்றிரவு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவரைத் தனியே அனுப்பியவர்கள்மேல் அது திரும்பியிருக்கலாம்.

“உங்கடை கண்ணைச் சரிசெய்யலாம் மாமா” என்றான் மருமகன். “தழும்பை விடுவிச்சு, மேலிமையிலை இருந்து மடலெடுத்துக் கீழே வைக்கலாம். வயதுக்கு உங்கடை மேலிமைத் தோல் மிச்சமாய்த் தொங்குது.” முதுமை எனக்குத் தந்த ஒரே உபரி அதுதான் போலும். தன் பேராசிரியரே செய்வார் என்றும், ஆனால் தையலிடும் பகுதியைப் பயிற்சியிலிருக்கும் ஒருவரைத் தம் கண்முன்னே செய்விக்க அனுமதி கேட்பார் என்றும் சொன்னான்.

“நீதானே?”

“இல்லை மாமா. சொந்தக்காரரிலை எங்களைக் கைவைக்க விடமாட்டினம். என்னோடை படிக்கிற ஒரு பிள்ளை செய்வா. நீங்கள் விருப்பமில்லையெண்டால் அவர்தான் முழுவதும் செய்வார்.”

முன்பின் அறியாத ஒரு பிள்ளை. அவளுக்கு நான் முதலாவது கண்ணாக இருத்தலும் கூடும். நான் நெடுநேரம் பேசாதிருந்தேன். முட்கம்பியும், நடுங்கிய கையும், பின்வந்த நாற்பது ஆண்டுகளும் என்முன் நின்றன. கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டேன்: அந்தப் பிள்ளை எத்தனை தோடம்பழம் தைத்திருக்கிறாள்?

“என்னைவிடக் கூட” என்றான். “பன்றித்தலையிலையும் அவதான் எங்களுக்குள்ளை முதல்.”

சம்மதம் என்று சொல்லச் சொன்னேன். ஆவணியில் நாள் குறித்திருக்கிறார்கள்.

மறுநாட் காலை திண்ணையில் விடைத்தாள்களோடு நான் அமர்ந்திருக்க, அவன் கூடையைக் கொண்டுவந்து என்முன் வைத்தான். விடுமுறை முடிந்து திரும்பியதும், ஓர் அம்மாவின் மூக்கோரத்தில் புற்றுநோய் எடுத்த இடத்தை மூடும் மடலை அவன் தைக்க வேண்டியிருந்தது. உயிருள்ள முகத்தில் அதுவே அவனுக்கு முதலாவது. பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து, முந்தியநாள் அவன் கற்பித்தபடி விளிம்புகளைப் பார்த்தேன். மூன்றாவது பழத்தில், மடலின் நுனியில் ஒரு தையல் மற்றவற்றினும் இறுகி, தோல் வெளுத்திருந்தது. கையிலிருந்த சிவப்புப் பேனாவினால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

அவன் பழத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான். பின்பு திண்ணைப்படியில் அமர்ந்து, அந்தத் தையலை அறுத்துவிட்டு மீண்டும் தைக்கத் தொடங்கினான்.